டிஸ்க் விலகினவங்க எந்தக் கதவ தட்டணும்? திருச்செங்கோட்டுல இருந்து மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கும், துறைச் செயலாளர் அவர்களுக்கும், நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி டீன் அவர்களுக்கும் வணக்கம்ங்க.

நான் திருச்செங்கோட்டுல ஒரு மருந்துக்கடையில பார்மசிஸ்ட்டா இருக்கேன். எங்க ஊரு ரிக் வண்டிக்கு பேர் போன ஊரு, போர் போடுற லாரி இங்க இருந்துதான் இந்தியா முழுக்க போகுது. அந்தப்பக்கம் பள்ளிபாளையம் குமாரபாளையம்னா விசைத்தறி, நாமக்கல் பக்கம்னா டேங்கர் லாரி, டிரெய்லர். அதாவது ராடு தூக்குறவங்க, பாவு தூக்குறவங்க, மணிக்கணக்கா குலுங்குற சீட்டுல உக்காந்து வண்டி ஓட்டுறவங்கன்னு இடுப்ப வச்சு பொழைக்கிற ஜனங்க. இவங்க எங்க கடைக்கு வந்து நிக்கும்போது நிறைய பேர் முதல்ல கேக்குறது மாத்திரையே இல்லீங்க. எக்ஸ்ரே கவர் மாதிரி பெரிய எம்ஆர்ஐ கவர கவுண்டர் மேல வச்சுட்டு "எல்4 எல்5ல ஜவ்வு பிதுங்கிருச்சாமாங்க, எந்த ஆஸ்பத்திரிக்கு போனா நல்லதுங்க, ஈரோடா சேலமா கோயமுத்தூரா, எலும்பு டாக்டர பாக்கறதா நரம்பு டாக்டர பாக்கறதா, ஆபரேஷன் பண்ணுனா கால் போயிரும்னு சொல்றாங்களே நெஜமா" அப்படின்னுதான் கேக்கறாங்க.

நான் டாக்டர் இல்ல, அதுக்கு பதில் சொல்ற தகுதி எனக்கு கிடையாது. ஆனா பதில் சொல்ல வேண்டிய எடம்னு ஒண்ணு இந்த மாவட்டத்துல இருக்கணும் இல்லைங்களா? சர்க்கரைன்னா எங்க போகணும்னு எல்லாருக்கும் தெரியுது, பிரசவம்னா தெரியுது, நெஞ்சு வலின்னா தெரியுது. முதுகுத்தண்டு டிஸ்க்குன்னு வந்தா மட்டும் சொந்தக்காரங்க, பஸ்ஸுல பக்கத்து சீட்டுல உக்காந்தவங்க, யூடியூப், சுளுக்கு எடுக்கறவர், கடைசியா என்ன மாதிரி கவுண்டர்ல நிக்கறவன், இவங்கதான் வழி சொல்றாங்க. அந்த வழிய நீங்க போட்டுத்தரணும்னு கேக்கத்தான் இந்த மடல்.

நோயப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லிடறேன், டாக்டர்களுக்கு தெரியாததில்ல, படிக்கிற மத்தவங்களுக்காக. முதுகெலும்பு கட்டை ஒவ்வொண்ணுக்கும் நடுவுல இருக்கற டிஸ்க்குக்கு வெளிய கெட்டியான நாரு வளையம், உள்ள ஜெல்லி மாதிரி ஒரு சதை. எங்க ஊர்ல டயர் பக்கவாட்டுல நைஞ்சு டியூப் பொடப்பா வெளிய தள்ளும் பாருங்க, அது மாதிரி வளையம் நைஞ்ச எடத்துல உள்ள இருக்கறது வெளிய தள்ளி பக்கத்துல போற நரம்ப அழுத்துது, அதுலயும் அழுத்தம் மட்டும் இல்ல, அந்த ஜெல்லி பட்ட எடத்துல நரம்பு வீங்கி காந்துது. இடுப்புல வர்ற டிஸ்க் பிரச்சனையில பெரும்பாலும் எல்4-எல்5, எல்5-எஸ்1னு சொல்ற, இடுப்போட அடியில இருக்கற கடைசி ரெண்டு டிஸ்க்குலதான். அதனாலதான் வலி இடுப்போட நிக்காம பின்னந்தொடை வழியா கெண்டைக்கால், பாதம் வரைக்கும் கரண்ட் அடிச்ச மாதிரி இறங்குது.

இதுல ஜனங்களுக்கு யாருமே சொல்லாத விஷயம் ஒண்ணு இருக்கு, பெரும்பாலானவங்களுக்கு இது 6 வாரத்துல இருந்து 12 வாரத்துக்குள்ள ஆபரேஷன் இல்லாமயே கொறஞ்சுடும். வெளிய தள்ளுன ஜவ்வ உடம்பே கொஞ்சம் கொஞ்சமா கரைச்சுடுது, பெருசா தள்ளுனது கூட கரையுது. நெதர்லாந்துல 283 பேர வச்சு ஒரு ஆய்வு பண்ணி 2007ல வெளியிட்டாங்க, எல்லாருமே 6 முதல் 12 வாரம் வரைக்கும் கடுமையான கால் வலியோட இருந்தவங்க. பாதிப்பேருக்கு சீக்கிரமே ஆபரேஷன், பாதிப்பேருக்கு மருந்து, பிசியோன்னு காத்திருந்து தேவைப்பட்டா மட்டும் ஆபரேஷன். சீக்கிரம் பண்ணவங்களுக்கு வலி சீக்கிரம் போச்சு, அது உண்மை. ஆனா ஒரு வருஷம் கழிச்சு பாத்தா ரெண்டு பக்கமும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தாங்க. காத்திருந்தவங்கள்ல 39 சதவீதம் பேருக்கு பின்னாடி ஆபரேஷன் தேவைப்பட்டுச்சு, அதையும் மறைக்கக்கூடாது.

இதுல இருந்து நான் புரிஞ்சுக்கறது ஆபரேஷன் கெட்டதுன்னு இல்லீங்க. கால் பலம் குறையாம, ஒண்ணுக்கு அடைக்காம இருக்கற வரைக்கும் அவசரம் இல்ல, யோசிக்க நேரம் இருக்கு, முடிவு நோயாளியோடதுன்னுதான். ரெண்டு மாசம் சம்பளம் இல்லாம உக்கார முடியாத ரிக் தொழிலாளி "எனக்கு சீக்கிரம் வலி போனா போதும், பண்ணிடுங்க"ன்னு சொன்னா அதுவும் நியாயமான முடிவுதான், வீட்டுல இருந்து பாத்துக்கறேன்னு ஒரு அம்மா சொன்னா அதுவும் நியாயம். ஆனா ரெண்டு பேருக்கும் இந்த கணக்க யாராவது உக்கார வச்சு சொல்லணுமே. சொல்றதுக்கு பதிலா "இப்ப பண்ணலன்னா படுத்த படுக்கை ஆயிடுவீங்க"ன்னு ஒரே வரி, அதக் கேட்டுட்டு வீட்டுப் பத்திரத்த எடுக்கறாங்க.

பயம் எங்க ஆரம்பிக்குதுன்னா எம்ஆர்ஐ ரிப்போர்ட்ல. குறுக்கு வலின்னு ரெண்டு நாள் ஆனாலே நேரா ஸ்கேன் சென்டருக்கு போயிடறாங்க, சிலரு டாக்டரே பாக்காம. ரிப்போர்ட்ல "டிப்யூஸ் டிஸ்க் பல்ஜ் இன்டென்டிங் தி தீக்கல் சாக்"னு, அதாவது டிஸ்க் பரவலா பொடச்சு நரம்பு இருக்கற உறைய அழுத்துதுன்னு, வரிசையா நாலு லெவலுக்கு, நாலு டிஸ்க்குக்கும், எழுதியிருக்கும். அத கூகுள்ல போட்டு பாத்துட்டு மூஞ்சி வெளுத்து வந்து நிப்பாங்க. 1994லயே அமெரிக்காவுல முதுகு வலியே இல்லாத 98 பேர எம்ஆர்ஐ எடுத்துப் பாத்தாங்க, பாதிக்கும் மேல பேருக்கு, 52 சதவீதம், டிஸ்க் பல்ஜ் இருந்துச்சு, எல்லா டிஸ்க்கும் சரியா இருந்தது 36 சதவீதம் பேருக்குத்தான். அதாவது படத்துல பல்ஜ் இருக்கறதும் அந்த பல்ஜுனாலதான் வலிக்குதுங்கறதும் ஒண்ணு இல்ல. நரை மாதிரி வயசோட வர்றது எது, நரம்ப புடிக்கறது எதுன்னு கையால தொட்டு சோதிச்ச டாக்டர்தான் சொல்ல முடியும்.

நம்ம கோயமுத்தூர் கங்கா ஆஸ்பத்திரியில டாக்டர் ராஜசேகரன் குழு 2021ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, இத படிச்சப்ப எனக்கு அவ்ளோ பெருமையா இருந்துச்சு. சாதாரண நாள்பட்ட முதுகு வலி உள்ள 44 பேர ரெண்டா பிரிச்சாங்க. ஒரு பக்கம் எம்ஆர்ஐல என்னென்ன இருக்குன்னு ஒண்ணு விடாம விளக்குனாங்க, இன்னொரு பக்கம் பயப்பட ஒண்ணுமில்ல, எல்லாம் வயசுக்கு தகுந்த மாற்றம்தான்னு தைரியம் சொன்னாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே வைத்தியம்தான். 6 வாரம் கழிச்சு பாத்தா முழு ரிப்போர்ட்டையும் கேட்டவங்களுக்கு பயம் ஜாஸ்தி, வலி கொறஞ்சது கம்மி, வேலை செய்யற தெம்பும் கம்மி. நம்ம பக்கத்து ஊர்லயே இத கண்டுபிடிச்சு உலகத்துக்கு சொல்லியாச்சு, அத நம்ம மாவட்ட ஸ்கேன் ரிப்போர்ட்ல கொண்டு வர்றதுக்கு என்ன தடை? ரிப்போர்ட்டுக்கு கீழ தமிழ்ல நாலு வரி, "இந்த வயசுல வலி இல்லாதவங்களுக்கும் இது காணப்படும், உங்கள பரிசோதிச்ச டாக்டரோட சேத்து வச்சுத்தான் இத பாக்கணும்"னு அச்சடிச்சு குடுத்தா பைசா செலவு இல்ல. அரசு ஆஸ்பத்திரியில தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நடத்துற ஸ்கேன் சென்டர் எல்லாத்துக்கும் ஒரு உத்தரவு போட்டா போதும்.

கையால சோதிக்கறதுன்னு சொன்னேன், எங்க வீட்டுலயே நடந்தத சொல்றேன். எங்க அக்கா வீட்டுக்காரர், மாமா, டிரெய்லர் ஓட்டறவர். வலது கால் வலி தாங்காம ஒரு பெரிய ஊர்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு போனார், ஆஸ்பத்திரி பேரு இங்க வேண்டாம். ஸ்கேன் எடுத்த அன்னிக்கு சாயங்காலமே ரெண்டு லெவல் போல்ட் நட்டு வச்சு கட்டணும், ராடு வைக்கணும், நாளைக்கு காலைல பண்ணிடலாம், கொஞ்சம் அட்வான்ஸ் கட்டிடுங்கன்னு சொல்லிட்டாங்க. அதுவரைக்கும் அவர் கால யாரும் தொட்டுக்கூட பாக்கல. அக்கா எனக்கு போன் பண்ணி அழுதா. டிஸ்சார்ஜ் வாங்கிட்டு, ஃபிலிம் எல்லாத்தையும் வாங்கிட்டு, ஒரு அரசு மருத்துவக் கல்லூரி எலும்பு சிகிச்சை புறநோயாளி பிரிவுக்கு கூட்டிட்டு போனோம்.

அங்க கூட்டம்னா அப்படி ஒரு கூட்டம், ஆனா அந்த பேராசிரியர் ஃபிலிம் கவர தொறக்கவே இல்ல, மொதல்ல மாமாவ நடக்க சொன்னார். குதிகால்ல மட்டும் நடங்க, இப்ப நுனிக்கால்ல நடங்க. அப்பறம் மல்லாக்க படுக்க வச்சு முட்டிய மடக்காம கால மெதுவா தூக்கினார், எங்க வலிக்குது, இடுப்புலயா கெண்டைக்கால்லயான்னு கேட்டார். கட்டைவிரல பிடிச்சுக்கிட்டு "என் கைய எதிர்த்து மேல இழுங்க"ன்னார். சுத்தியல வச்சு முட்டியில ஒரு தட்டு, குதிகால் பின்னாடி ஒரு தட்டு. குண்டூசியால ரெண்டு பாதத்தையும் லேசா குத்தி வித்தியாசம் தெரியுதான்னு கேட்டார். ஒண்ணுக்கு சரியா போகுதா, பின்பக்கம் மரத்திருக்கான்னு கேட்டார். இதெல்லாம் முடிஞ்சப்பறம்தான் ஃபிலிம வெளிச்சத்துல தூக்கி பாத்தார். "பலம் குறையல. ஒரே ஒரு நரம்புதான் எரிச்சலா இருக்கு. போல்ட் வைக்கற அளவுக்கு எலும்பு ஆட்டம் எதுவும் இல்ல. மாத்திரை, பிசியோ, அளவான நடை, ரெண்டு நாளைக்கு மேல படுத்தே கெடக்க வேண்டாம். கட்டைவிரல் தூக்க முடியலன்னாலோ ஒண்ணுக்கு அடைச்சாலோ எந்த நேரமா இருந்தாலும் ஓடி வாங்க"ன்னு சொல்லி அனுப்பிச்சார். மாமா இப்ப வண்டி ஓட்டறார். அந்த பத்து நிமிஷ சோதனை எல்லாருக்கும் கெடைக்கணும்ங்க, என் மொத்த கோரிக்கையே அதுதான்.

போல்ட் வைக்கறது எல்லாமே தப்புன்னு நான் சொல்ல வரல. எலும்பு ஒண்ணு மேல ஒண்ணு நழுவியிருந்தா, முறிவு இருந்தா, அதுக்கு அது தேவை. ஆனா வெறும் டிஸ்க் பிதுக்கம் நரம்ப அழுத்துறதுக்கு, அந்த பிதுங்குன துண்ட மட்டும் சின்ன ஓட்டை போட்டு எடுக்கற மைக்ரோடிஸ்கெக்டமி போதும்ங்கறதுதான் பெரும்பாலும் வழக்கம், இப்ப எண்டோஸ்கோப்புங்கற சின்ன கேமரா குழாய் விட்டும் பண்றாங்க. எது ஏன் தேவைன்னு நோயாளிக்கு தெரியணும்.

இதுக்கு நேர் எதிரா ஒரு கதை, இதுதான் என் மனச ரொம்ப அரிக்குது. பள்ளிபாளையம் பக்கத்துல இருந்து ஒரு தறி ஓட்டற அம்மா. இடுப்பு வலின்னு ஊசி போட்டுக்கிட்டே வேலைக்கு போயிட்டிருந்தாங்க, என்ன ஊசின்னு அவங்களுக்கும் தெரியாது. ஒரு நாள் ரெண்டு காலும் கனமாகி, உக்கார்ற எடம் மரத்துப்போய், ஒண்ணுக்கு வர மாட்டேங்குது. சூடு பிடிச்சிருக்கும்னு நீர்மோர் குடுத்திருக்காங்க, அடுத்த நாள் சுளுக்கு எடுக்கறவர்கிட்ட கூட்டிட்டு போயிருக்காங்க, அவர் ஏறி மிதிச்சிருக்கார். அப்பறம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி, அங்க டியூப் போட்டு ஒண்ணுக்கு எடுத்து விட்டு கிட்னி கல்லா இருக்கும்னு ஸ்கேன். முதுகுத்தண்டு ஆபரேஷன் நடக்கும்போது நாள் ரொம்ப ஆயிடுச்சு. இன்னிக்கும் அவங்க டியூப் வாங்க எங்க கடைக்குத்தான் வர்றாங்க. வயசு நாப்பது கூட ஆகல.

இதுக்கு பேரு காடா ஈக்வைனா சிண்ட்ரோம். பெரிய டிஸ்க் துண்டு ஒண்ணு தண்டுவடத்துக்கு கீழ இருக்கற மொத்த நரம்புக்கட்டையும் நசுக்கறது. அபூர்வம்தான், ஆனா வந்தா கூடிய சீக்கிரம், 48 மணி நேரத்துக்குள்ளயாவது, அழுத்தத்த எடுக்கணும்னு டாக்டருங்க சொல்றாங்க, இல்லன்னா ஒண்ணுக்கு ரெண்டுக்கு கட்டுப்பாடு திரும்ப வராமயே போயிடலாம். நம்ம அரசாங்கம் 2021 டிசம்பர்ல "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48"னு விபத்து நடந்ததுல இருந்து முத 48 மணி நேரம் இலவச சிகிச்சை திட்டம் கொண்டு வந்துச்சு, எத்தனையோ உசுர காப்பாத்தியிருக்கு, அது நான் கண்ணால பாத்தது, எங்க பக்கம் நெடுஞ்சாலை ஜாஸ்தி. அதே 48 மணி நேரத்த இந்த நோய்க்கும் ஏன் எண்ணக்கூடாதுன்னு கேக்கறேன். 108ல போன் எடுக்கறவங்களுக்கும், 104ல ஆலோசனை சொல்றவங்களுக்கும், ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸுங்களுக்கும் மூணே மூணு கேள்வி சொல்லிக்குடுங்க: முதுகு வலியோட ஒண்ணுக்கு அடைக்குதா, உக்கார்ற எடம் மரத்திருக்கா, கால் பலம் குறையுதா. ஆமான்னா நேரா எம்ஆர்ஐயும் முதுகெலும்பு ஆபரேஷன் பண்ற டாக்டரும் இருக்கற ஆஸ்பத்திரிக்கு. நடுவுல எங்கயும் நிறுத்தக்கூடாது. அது எந்த ஆஸ்பத்திரிங்கற பட்டியல் ஒவ்வொரு ஆம்புலன்ஸ்லயும் ஒட்டியிருக்கணும், ராத்திரி எந்த டாக்டர் ட்யூட்டின்னு உட்பட.

எலும்பு டாக்டரா நரம்பு டாக்டரான்னு கேட்டாங்க இல்லைங்களா, நான் விசாரிச்சு தெரிஞ்சுக்கிட்டது ரெண்டு பேரும் பண்ணலாம்ங்கறதுதான். எம்எஸ் ஆர்த்தோங்கற எலும்பு மேற்படிப்பு முடிச்சிட்டு முதுகெலும்புக்குன்னு தனியா பெல்லோஷிப் பயிற்சி பண்ணவங்களும் இருக்காங்க, எம்சிஎச் நியூரோசர்ஜரிங்கற நரம்பு ஆபரேஷன் மேற்படிப்பு முடிச்சவங்களும் இருக்காங்க. பட்டத்த விட முக்கியம் அந்த டாக்டர் தொடர்ந்து முதுகெலும்பு ஆபரேஷன் பண்றவரா, ஆபரேஷன் இல்லாத வழியும் சொல்றவரா, அந்த ஆஸ்பத்திரியில பிசியோ இருக்கா, ஐசியூ இருக்கா, ஏதாவது ஆச்சுன்னா ராத்திரி திரும்ப ஆபரேஷன் தியேட்டர் தொறப்பாங்களா, இதெல்லாம். பெரிய கண்ணாடி பில்டிங்க பாத்தும், டிவி விளம்பரத்த பாத்தும், "ஒரே நாள்ல வீட்டுக்கு"ங்கற போர்ட பாத்தும்தான் இப்ப ஜனங்க முடிவு பண்றாங்க, வேற எத வச்சு முடிவு பண்ணுவாங்க பாவம், யாரும் சொல்லல.

நம்ம மாநிலத்துல டாக்டருங்க இல்லாமலா இருக்காங்க? இந்தியாவுலயே முத நியூரோசர்ஜரி துறை 1949ல வேலூர் சிஎம்சியில டாக்டர் ஜேக்கப் சாண்டி ஆரம்பிச்சது. அடுத்த வருஷமே சென்னை ஜிஎச்ல டாக்டர் ராமமூர்த்தி ஆரம்பிச்சார். விபத்துல தண்டுவடம் அடிபட்டு வீல்சேர்ல உக்காந்தே ஆபரேஷன் பண்ணின டாக்டர் மேரி வர்கீஸ் 1966ல வேலூர்ல மறுவாழ்வு மையம் தொறந்தாங்க, ஆபரேஷனோட வேலை முடியல, ஆள நடக்க வைக்கறதும் வைத்தியம்தான்னு அறுபது வருஷம் முன்னாடியே செஞ்சு காமிச்ச மண்ணு இது. ஓமந்தூரார் தோட்டத்துல 2014ல பல்நோக்கு ஆஸ்பத்திரி வந்துச்சு, கிண்டியில 2023ல 1000 படுக்கையோட கலைஞர் நூற்றாண்டு ஆஸ்பத்திரி வந்துச்சு. எல்லாம் சந்தோஷம். ஆனா முதுகு வலியோட ஒருத்தன் திருச்செங்கோட்டுல இருந்து கிண்டிக்கு ராத்திரி பூரா பஸ்ஸுல குலுங்கிக்கிட்டு போக முடியுமா சொல்லுங்க.

2022 ஜனவரியில தொறந்த 11 புது அரசு மருத்துவக் கல்லூரியில நாமக்கல்லும் ஒண்ணு. அங்க வாரத்துல ஒரு நாள் "முதுகுத்தண்டு சிகிச்சை நாள்"னு வைங்க. எலும்பு டாக்டரும் பிசியோதெரபிஸ்டும் ஒரே அறையில, நியூரோசர்ஜன் சேலம் மோகன் குமாரமங்கலம் ஆஸ்பத்திரியில இருந்து நேர்லயோ வீடியோலயோ. சாதாரண வலிக்கு மாத்திரை, பயிற்சி. ஆறு வாரம் பாத்தும் கேக்காதவங்களுக்கு எம்ஆர்ஐ. ஆபரேஷன் தேவைப்படறவங்கள தேதி போட்டு அவங்களே சேலத்துக்கோ கோயமுத்தூருக்கோ அனுப்பணும். காய்ச்சல், எடை கொறையறது, ராத்திரி தூங்கவிடாத வலின்னு இருந்தா டிபியா இருக்கலாம், அத அங்கயே சளி, ரத்தம், ஸ்கேன்னு பாக்கலாம். முதுகெலும்பு டிபிய டிஸ்க்குன்னு நெனச்சு மாசக்கணக்கா பெல்ட் போட்டுட்டு இருந்தவங்களும் எங்க கடைக்கு வந்திருக்காங்க.

பிசியோவுக்கு புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்க வேண்டாம். 2021 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி சாமனப்பள்ளியில தொடங்குன மக்களைத் தேடி மருத்துவத்துலயே பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வர்றாங்க, பக்கவாதம் வந்தவங்க, வயசானவங்களுக்கு அருமையா பண்றாங்க. டிஸ்க் நோயாளிகளையும் அந்த லிஸ்ட்ல சேருங்க. தனியார்ல ஒரு தடவை பிசியோவுக்கு போக ஒரு நாள் கூலிய விடணும், அதனால ரெண்டு நாள் போய் கரண்ட் வச்சுட்டு நிறுத்திடறாங்க, அப்பறம் பிசியோ கேக்கலன்னு ஆபரேஷனுக்கு போறாங்க. பயிற்சியே பண்ணல, எங்க கேக்கும்?

மாத்திரை பத்தி என் துறைங்கறதால ஒண்ணு சொல்லணும். கால் நரம்பு வலிக்கு பிரீகாபாலின் எழுதாத சீட்டே இல்ல இப்ப. ஆஸ்திரேலியாவுல 209 பேர வச்சு பண்ணி 2017ல வந்த ஆய்வுல சயாட்டிகாங்கற இந்த கால் நரம்பு வலிக்கு அது மருந்தே இல்லாத டம்மி மாத்திரைய விட பெருசா பலன் தரல, தலைசுத்தல்தான் ஜாஸ்தின்னு சொன்னாங்க. தலை சுத்தற மாத்திரைய போட்டுக்கிட்டு டேங்கர் ஓட்டறவர நெனச்சா எனக்கு தூக்கம் வராது. வலி மாத்திரைய சீட்டு இல்லாம பழசையே காட்டி மாசக்கணக்கா கேக்கறவங்கள திருப்பி அனுப்பறப்போ சண்டை கூட வருது, கிட்னி போயிரும்ங்கன்னா "வேலைக்கு போகலன்னா சோறு போயிரும்"ங்கறாங்க. அவங்க சொல்றதும் உண்மைதானுங்களே.

பணத்துக்கு வருவோம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம், வருமான வரம்பு 1,20,000. ஆபரேஷனுக்கு முன்னாடி ஆஸ்பத்திரி அனுமதி வாங்கணும்ங்கற நடைமுறை ஏற்கனவே இருக்கு. அந்த எடத்துலயே ஒரு சின்ன மாற்றம் பண்ணுங்க: அவசரம் இல்லாத முதுகெலும்பு ஆபரேஷன், முக்கியமா போல்ட் ராடு வைக்கறதுன்னா, கால் பலம் எவ்ளோ, எத்தனை வாரம் மருந்தும் பிசியோவும் பாத்தாச்சு, ரெண்டாவது டாக்டர் என்ன சொன்னார்னு மூணும் எழுதியிருந்தாத்தான் அனுமதின்னு. இன்னொரு டாக்டர்கிட்ட மாற்றுக்கருத்து கேக்கறது நோயாளியோட உரிமைன்னு தேசிய மனித உரிமை ஆணையம் 2018ல போட்ட சாசனத்துலயே இருக்கு. கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள ரெக்கார்ட குடுக்கணும்னு மருத்துவக் கவுன்சில் 2002லயே விதி போட்டிருக்கு. ஆனா நடைமுறையில "வேற டாக்டர பாக்கறேன், ஃபிலிம குடுங்க"ன்னு கேக்கவே ஜனங்க கூச்சப்படறாங்க, டாக்டர் கோச்சுக்குவார்னு பயம். கேக்கலாம், தப்பில்லன்னு ஒவ்வொரு ஆஸ்பத்திரி ரிசப்ஷன்லயும் தமிழ்ல பெருசா போர்டு வைக்க சொல்லுங்க.

ஈஎஸ்ஐங்கற தொழிலாளர் காப்பீடு பத்தியும் சேத்துக்கறேன், அது ஒன்றிய அரசு சம்பந்தப்பட்டதுன்னாலும் தொழிலாளர் துறையோட நீங்க பேசணும். மாசம் 21,000 வரைக்கும் சம்பளம் வாங்கறவங்களுக்கு வைத்தியம் மட்டும் இல்ல, வேலைக்கு போக முடியாத நாளுக்கு 91 நாள் வரைக்கும் 70 சதவீத சம்பளமும் உண்டு. டிஸ்க் நோயாளிக்கு தேவையான ஆறு வாரம், பன்னெண்டு வாரம் ஓய்வுக்கு அளவெடுத்து தச்ச மாதிரி திட்டம் அது. ஆனா சின்ன தறிக்கூடம், ரிக் வண்டியில எத்தனை பேர் பேர பதிஞ்சிருக்காங்க? பேர் இல்லாதவன் எப்படி ஓய்வெடுப்பான், வலியோட ராடு தூக்கித்தான் ஆகணும்.

கடைசியா ஒரு வேண்டுகோள், இது எங்க ஊருக்கானது. மழைக்காலம் வந்தா வடக்க போன ரிக் வண்டிங்க நிறைய ஊருக்கு திரும்பும், டிரைவர், டிரில்லர், ராடு பசங்க எல்லாரும் வீட்டுல இருப்பாங்க. வருஷத்துல அப்பத்தான் அவங்களுக்கு உடம்ப பாக்க நேரம். அந்த சமயத்துல திருச்செங்கோடு அரசு ஆஸ்பத்திரியில ஒரு முதுகுத்தண்டு முகாம் போடுங்க, ஸ்கேன் மெஷின் கூட வேண்டாம், சோதிக்க தெரிஞ்ச நாலு டாக்டரும் ரெண்டு பிசியோவும் போதும், கட்டைவிரல இழுத்துப் பாத்து யாருக்கு அவசரம் யாருக்கு இல்லன்னு பிரிச்சு சீட்டு எழுதிக் குடுத்தா மீதிய நாங்க பாத்துக்கறோம். ரிக் உரிமையாளருங்ககிட்டயும் பட்டறைக்காரங்ககிட்டயும் பேசி ஆளுங்கள கூட்டிட்டு வர்ற வேலைய எங்க தெரு மருந்துக்கடைக்காரங்க நாங்க ஏத்துக்கறோம், தேதிய மட்டும் ஒரு மாசம் முன்னாடி சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒரு பார்மசிஸ்ட்,
திருச்செங்கோடு, நாமக்கல் மாவட்டம்